ஏணி ஏறிய தவளை



மழை வருமா, வாராதா என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ள விரும்பாத மனிதர் இல்லை. தும்பி தாழப் பறந்தால் மழை என்றும், எறும்பு தன் முட்டைகளைச் சுமந்துகொண்டு மேட்டை நாடினால் மழை என்றும் நம் முன்னோர் கணித்தனர். இதே ஆவல் நடு ஐரோப்பிய மக்களை விந்தையானதொரு வழக்கத்திற்கு ஆளாக்கிற்று. அவர்கள் மரத்தவளை ஒன்றைப் பிடித்துக் கண்ணாடிச் சாடிக்குள் இட்டனர். அடியிற் சிறிது நீர் ஊற்றி, உள்ளே மரத்தாலான சிற்றேணி ஒன்றையும் நாட்டிச் சாளரத்தருகே வைத்தனர். தவளை ஏணியின் மேற்படியில் அமர்ந்தால் நல்ல வெயில். கீழிறங்கி நீரிற் பதுங்கினால் மழை. இதுவே அவர்களுடைய சோதிடம்.

ஜேர்மனியிலும் அதனை அடுத்த நாடுகளிலும் வாழும் அம்மரத்தவளை 2 அங்குல நீளத்திற்கு மேற்படாதது; தளிரிலை போன்ற பச்சை நிறத்தது. விரல் நுனிகளில் உள்ள வட்டத் தட்டுக்களின் துணையாற் கண்ணாடியிலும் வழுக்காமல் ஏறவல்லது. நியூரம்பேக் நகரத்து ஓவியராகிய ரோசல் என்பார், தம் நாட்டுத் தவளைகளை முட்டைப் பருவம் முதல் முழுவளர்ச்சி வரை வண்ணப்படங்களாகத் தீட்டி 1758 இல் நிறைவு செய்த பெருநூலில் இதற்கும் இடமளித்தார். காற்றின் அமுக்கத்தை அளக்கும் பாரமானியை இத்தாலியரான தொரிசெல்லி 1643 அளவில் உலகிற்குத் தந்திருந்தார். எனினும், அக்கருவி எல்லார் கைக்கும் எட்டுவதன்று. எளியவனுக்கோ குளக்கரைப் புதரிலிருந்து பிடித்து வந்த தவளையே பாரமானியாயிற்று.

இந்நம்பிக்கை முற்றும் பொய்யன்று; பாதி உண்மை. வெயில் நாளிற் சிறு பூச்சிகள் உயரப் பறக்கும். அவற்றை உண்ணும் தவளையும் புதரின் உச்சிக்கு ஏறும். மழைக்குறி தோன்றும்போது பூச்சிகள் தாழும், தவளையும் தாழும். ஆகவே புதரில் இருந்த தவளை பின்தொடர்ந்தது பூச்சியையே ஆகும். சாடிக்குள் பூச்சி ஏது? அங்கே அது ஏணியில் ஏறியது வெளியேற வழி தேடியதால் இருக்கலாம். இறங்கியது தோல் உலர்ந்து நீரை நாடியதால் இருக்கலாம். அது தன் துன்பத்தைச் சொல்லிற்று. மனிதன் அதனை வானிலை அறிக்கையாகப் படித்தான்.

இத்தவற்றை நகைத்துத் தள்ளிவிட எனக்கு உரிமையில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் ஜாம் போத்தலில் மரத்தவளை ஒன்றைக் கொண்டுவந்தான். நான் அவனைப் பாராட்டி, போத்தலை எல்லாரும் காணுமாறு மேசைமீது வைத்தேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் அத்தவளை உயிரோடில்லை. அச்சிறுவன் என்னை எதுவும் கேட்கவில்லை. அவன் பார்த்த பார்வையே இவ்வரலாற்றைத் தேடிப் படிக்க என்னைத் தூண்டிற்று.

படித்தபோது இன்னொரு தவற்றையும் கண்டேன். 1788 இல் முதற் குடியேற்றக் கப்பல்களுடன் அவுஸ்திரேலியா சென்ற மருத்துவர் யோன் வைற், 1790 இல் இலண்டனில் வெளிவந்த தம் பிரயாண நூலில் ஒரு மரத்தவளையை விவரித்தார். அதற்கு நீலத்தவளை என்று பொருள்படும் இலத்தீன் பெயர் இடப்பட்டது. ஆனால் உயிரோடுள்ள அத்தவளை பெரும்பாலும் பச்சை நிறமானது. சாராயத்தில் ஊறிய உடலில் மஞ்சள் நிறப்பொருள் அழிய, எஞ்சிய நீலத்தையே அறிஞர் கண்டனர். இன்று உலகெங்கும் வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படும் மரத்தவளைகளுள் ஒன்றான அது, இறந்த உடலின் நிறத்தையே இன்றும் தன் பெயரிற் சுமந்து நிற்கின்றது.

மாற்றத்திற்கு வித்திட்டது ஒரு தற்செயல். 1829 அளவில் இலண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட், அந்துப்பூச்சியின் கூட்டுப்புழு ஒன்றை மூடிய போத்தலில் ஈரமண்ணோடு வைத்திருந்தார். அம்மண்ணிலே பன்னமும் புல்லும் தாமே முளைத்தன. அதுவே தாவரங்களை வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு வழிவகுத்தது. அப்பெட்டி நாளடைவிற் சிறு பிராணிகளுக்கும் உறைவிடமாயிற்று. 1884 இல் ஜேர்மானியரான யோகான் வொன் பிஷர் அத்தகைய உறைவிடங்களை அமைக்கும் முறைபற்றித் தனியொரு நூலே எழுதினார். 'தவளை எனக்கு என்ன சொல்லும்?' என்ற வினா நீங்கி, 'தவளைக்கு என்ன வேண்டும்?' என்ற வினா பிறந்தது.

அதற்கு வேண்டுவன யாவை? மரத்தவளை வாயால் நீர் பருகுவதில்லை, தோலாலேயே உறிஞ்சுகின்றது, மூச்சின் ஒரு பகுதியையும் தோல்வழியே பெறுகின்றது. ஆதலால் அழுக்கு நீரும், குளோரின் கலந்த குழாய்நீரும் அதற்கு நஞ்சாகும். கையிலுள்ள உப்பும் சவர்க்காரமும் தீங்கே, தொடாதிருத்தல் நன்று. தொடவே நேர்ந்தால் தூய நீரிற் கையை நனைத்துக்கொள்ளல் வேண்டும். உறைவிடம் அகலத்தைவிட உயரம் மிக்கதாய், கிளையும் இலையும் உடையதாய், காற்றோட்டம் உள்ளதாய் இருத்தல் வேண்டும். உயிருள்ள பூச்சியே உணவு. இரவே அதன் பொழுது. நன்கு பேணினால் வைற் கண்ட அந்த இனம் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும். அத்தனை ஆண்டுப் பொறுப்பை ஏற்க இயலாதவர் அதனை விரும்பலாம், வளர்த்தல் ஆகாது.

இன்று சட்டமும் குறுக்கே நிற்கின்றது. ஏணி ஏறிய ஐரோப்பியத் தவளை 1979 இன் பேர்ண் உடன்படிக்கையாலும், ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 1992 இன் வாழிடப் பணிப்பாணையாலும் காக்கப்படுகின்றது. அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலோ தவளை வளர்க்க அனுமதிப்பத்திரம் வேண்டும். தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சண நோயொன்று 1998 இல் இனங்காணப்பட்டது. அதனால் 500 க்கு மேற்பட்ட இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 அழிந்திருக்கக்கூடும் என்றும் 2019 இல் அறிஞர் கணக்கிட்டனர். மனிதன் நாடுவிட்டு நாடு கொண்டுசென்ற தவளைகளோடு அந்நோயும் பயணம் செய்தது. எனவே வளர்த்த தவளையைக் குளத்தில் விடுவதும், அதன் பெட்டி நீரை ஓடையில் ஊற்றுவதும் கருணைச் செயல்கள் அல்ல.

நம் நாட்டு மரத்தவளைகளுள் ஒன்று, நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடுகின்றது. குஞ்சுகள் கூட்டிலிருந்து நழுவிக் கீழேயுள்ள நீரில் விழுகின்றன. தொட்டிச் சுவரில் வெண்ணுரை ஒன்று ஒட்டியிருக்கக் கண்டால், அதனைக் கழுவிவிடாது சில நாட்கள் பொறுத்திருங்கள். போத்தலும் வேண்டாம், ஏணியும் வேண்டாம். வளர்ப்பதில் இதுவும் ஒரு வகையே.

ஜேர்மன் மொழியில் வானிலை அறிவிப்பாளரை இன்றும் வேடிக்கையாக 'வானிலைத் தவளை' என்பர். சாடிகள் மறைந்தன, சொல் மட்டும் நிலைத்தது. ஓர் உயிரை வீட்டுக்குள் அழைப்பவர் முதலிற் கற்கவேண்டிய பாடம் அச்சொல்லில் அடங்கியிருக்கின்றது: நமது கேள்விக்கு விடை சொல்வதற்காக அது பிறக்கவில்லை.