குதிகால் முள்ளின் கதை!

பிரிட்டனில் குதிகால் வலிக்கு 'போலீஸ்காரர் குதிகால்' என்று ஒரு செல்லப்பெயர் உண்டு. நாள் முழுக்க பூட்ஸ் காலோடு ரோந்து போனால் வலிக்காமல் என்ன செய்யும்! ஆனால், போலீஸ்காரர்கள் மட்டுமா? நாளெல்லாம் நின்று பாடம் நடத்தும் டீச்சர், ஜவுளிக் கடை விற்பனையாளர், அடுப்படியில் நிற்கும் அம்மா... இவர்களையும் அது விடுவதில்லை.

வலி சரி, காரணம்? அங்கேதான் மருத்துவ உலகம் ரொம்ப நாள் தடுமாறியது.

1895-ல் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ராண்ட்ஜன் எக்ஸ்-ரேயைக் கண்டுபிடித்தார். டாக்டர்களுக்குப் புதுக் கண் கிடைத்த மாதிரி! வலிக்கிற பாதத்தைப் படம் எடுத்தால், குதிகால் எலும்புக்கு அடியில் சேவல் காலில் இருக்குமே, அது போல ஒரு முள்! 1900-ல் ப்ளெட்னர் என்கிற ஜெர்மன் டாக்டர் அதைப் பற்றி எழுதினார். குற்றவாளி சிக்கிவிட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

சரி, அந்த முள் ஏன் வளர்கிறது? 1906-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் பேர் என்ற எலும்பு டாக்டர் ஆறு நோயாளிகளைப் பற்றி எழுதி, முள்ளையும் கொனோரியா எனும் வெட்டை நோயையும் முடிச்சுப் போட்டார். யோசித்துப் பாருங்கள்... 'டாக்டர், குதிகால் வலிக்குது' என்று போகிறவரின் ஒழுக்கத்தின் மேலேயே சந்தேகம்! அபூர்வமாகச் சிலருக்கு அப்படித் தொற்றால் வலி வருவது உண்மைதான். அதற்காக எல்லோரையுமா?

முள்ளை வெட்டி எடுக்கும் ஆபரேஷன்களும் நடந்தன. ஆனால், போகப் போக ஒரு வேடிக்கை தெரிந்தது. வலியே இல்லாத பலருக்கும் முள் இருந்தது. வலியால் துடிக்கும் சிலருக்கு முள்ளே இல்லை!

நிஜக் குற்றவாளி, எக்ஸ்-ரேயில் சரியாகத் தெரியாத ஒரு தசைநார்ப் பட்டை. குதிகாலிலிருந்து விரல்கள் வரை, வில்லில் கட்டிய நாண் போல ஓடுகிறது. இரவெல்லாம் சுருங்கிக்கிடக்கும் அதன் மேல் காலையில் திடீரென்று உடம்பின் முழு எடையும் இறங்குகிறது. முதல் அடியில் உயிர் போவது அதனால்தான்.

2003-ல் ஹார்வி லெமாண்ட் குழுவினர், ஆபரேஷனில் எடுத்த 50 பேரின் பட்டைத் துணுக்குகளை ஆராய்ந்தார்கள். 'அழற்சி' என்று பெயர் வைத்திருந்தோமே, அதற்கான அடையாளம் இல்லை. நைந்துபோயிருந்தது, அவ்வளவுதான்!

அதே ஆண்டு, அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் டிஜியோவானி குழுவினர், நாள்பட்ட வலியுள்ள 101 பேரை வைத்து இரண்டு பயிற்சிகளை ஒப்பிட்டார்கள். ஜெயித்த பயிற்சி ரொம்ப சுலபம். படுக்கையைவிட்டு இறங்குமுன், வலிக்கிற காலை இன்னொரு கால் மேல் போட்டு, விரல்களைக் கையால் முழங்கால் பக்கமாக இழுக்க வேண்டும். பத்து எண்ணும் வரை பிடித்து, விட வேண்டும். இப்படிப் பத்து தடவை, தினம் மூன்று வேளை. சட்டென்று குணமாகாது, வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து 66 பேரை விசாரித்தபோது, பெரும்பாலானவர்கள் திருப்தியாகவே இருந்தார்கள்.

வீக்கம், மரத்துப்போதல், காய்ச்சல் இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலில் டாக்டரைப் பாருங்கள். மற்றபடி, எக்ஸ்-ரேயில் முள் தெரிகிறது என்று யாராவது சொன்னால் பதறாதீர்கள். அந்த முள், நூறு வருஷமாக அடுத்தவன் செய்த குற்றத்துக்குப் பழி சுமந்துகொண்டிருக்கிறது!