மட்டக்களப்பு மாவட்டத்தில் சூறாவளிகள்

இலங்கையின் கிழக்குக் கரையில் வங்காள விரிகுடாவுக்கு முகங்கொடுத்துக் கிடக்கும் மட்டக்களப்பு, நாட்டில் சூறாவளி அபாயம் மிகுந்த மாவட்டங்களுள் ஒன்று. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே வயல்வெளியான படுவான்கரை. கிழக்கே, மக்கள் நெருங்கி வாழும் எழுவான்கரை. ஒருபுறம் கடல், மறுபுறம் சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவி, நடுவே ஒடுங்கிய மணற்றரை. காற்று கடலைத் தள்ளிக்கொண்டு வந்தால் ஏறி நிற்க அங்கே மேடு கிடையாது.

வங்கக் கடலில் பிறக்கும் தாழமுக்கம் சுழலத் தொடங்குவதற்குப் புவிச் சுழற்சியின் விசை வேண்டும். பூமத்திய ரேகைக்கு 5 பாகைக்குள் அந்த விசை மிகச் சிறிது. இதனால் தென்கோடியான மாத்தறை பெரும்பாலும் தப்பிவிட, ஏறத்தாழ 7.7 பாகை வட அகலாங்கில் உள்ள மட்டக்களப்பும் அதற்கு வடக்கே திருகோணமலை, முல்லைத்தீவும் அகப்படுகின்றன. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தின் நவம்பரும் டிசம்பருமே ஆபத்தான மாதங்கள். தரையைக் கடக்கையில் புயல் வலுவிழந்துவிடுவதால், மேற்குக் கரையில் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ இருப்பவர்கள் அதை மழையாகவும் வெள்ளமாகவும் முறிந்த மரங்களாகவுமே அறிவார்கள்.

காற்றின் வேகத்தைக் கொண்டு இவை வகுக்கப்படுகின்றன. மணிக்கு 62 கிலோமீற்றரைத் தாண்டினால் சூறாவளி, 88ஐத் தாண்டினால் கடும் சூறாவளி, 117ஐத் தாண்டினால் மிகக் கடும் சூறாவளி. 62க்குக் கீழ்ப்பட்டவை தாழமுக்கம், ஆழ்ந்த தாழமுக்கம் எனப்படும். வட இந்து சமுத்திரத்துப் புயல்களுக்குப் பெயரிடும் வழக்கம் 2004இல்தான் வந்தது. அதற்கு முந்தியவற்றை ஆண்டைச் சொல்லியே அடையாளம் காட்டுகிறார்கள்.

பதிவிலுள்ள பழைய சூறாவளிகளுள் 1907 மார்ச் மாதத்தில் கிழக்கைத் தாக்கியது தனித்துக் குறிப்பிட வேண்டியது. மார்ச்சில் இங்கே சூறாவளி வருவது மிக அரிது. கொழும்பு வானிலை அவதான நிலையம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டில்தான். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் மட்டக்களப்புக்கு வடக்காகத் தீவைக் கடந்தது. பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற பயணிகள் ரயிலை அது கடலுக்குள் இழுத்ததுடன், கொழும்பிலிருந்து தலைமன்னார் வழியே தமிழகம் போன பழைய தடத்தையும் முறித்தது.

மாவட்டத்தின் வரலாற்றில் இவை எல்லாவற்றையும் விடப் பெரியது 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை இரவு வந்த சூறாவளி. கிழக்கில் “எழுபத்தெட்டுச் சூறாவளி” என்றால் இன்றும் விளக்கம் தேவையில்லை. மிகக் கடும் சூறாவளியாக அது கரையேறியது. ஓட்டுக் கூரைகள் கழன்றன. கிடுகு வேய்ந்த குடிசைகள் இருந்த இடம் தெரியாமற் போயின. தந்திக் கம்பங்கள் சாய, வெளியுலகத் தொடர்பு அறுந்தது. நாடளாவிய ரீதியில் 915 பேர் உயிரிழந்தனர். பத்து இலட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர். ஏறத்தாழ இரண்டரை இலட்சம் வீடுகள் சேதமடைந்தன. அம்பாறையும் பொலன்னறுவையும் அடிவாங்கின. தீவைக் குறுக்கே கடந்த புயல் மன்னார் வளைகுடாவுக்குள் இறங்கி, மறுநாள் இராமநாதபுரம் கரையைத் தாக்கியது.

ஆயினும் எழுவான்கரையை நெடுநாள் வாட்டியது தென்னையின் இழப்புத்தான். மாவட்டத்துத் தென்னந்தோட்டங்களில் நூற்றுக்கு 90 பங்கு, சுமார் 28,000 ஏக்கர், அழிந்தது. சில மரங்கள் வேரோடு சாய்ந்தன; சில வட்டு முறிந்து மொட்டைத் தூண்களாக நின்றன. ஒற்றைக் குருத்துள்ள மரம் என்பதால் வட்டுப் போனால் தென்னை மீண்டும் துளிர்க்காது. புதிய நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் வேண்டும். தேங்காயும் கிடுகும் கள்ளும் கயிறும் ஒரே இரவில் இல்லாமற்போன குடும்பங்களுக்கு நிவாரண அரிசி சில மாதங்களுக்கே ஆறுதல். மட்டக்களப்பு மீன்பிடிப் படகுகளில் ஐந்திலொன்றும் போயிற்று. அரசு செலவிட்ட தொகை 60 கோடி ரூபாவைத் தாண்டியது.

பின்னர் 2000 டிசம்பர் 26இலும், புரேவி என்ற பெயரில் 2020 டிசம்பர் 2இலும் வந்த சூறாவளிகள் திருகோணமலைப் பக்கமாகக் கரையேறின. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. அதற்குக் காரணமானது சூறாவளியன்று, ஆழிப்பேரலை.

செய்தித்தாள்கள் “மினி சூறாவளி” என்று எழுதுபவை வேறு வகையைச் சேர்ந்தவை. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், பிற்பகலில் திரளும் இடிமுகிலிலிருந்து எழும் காற்று இது. சில வேளை உண்மையான சுழற்காற்று, பல வேளை முகிலிலிருந்து நேரே கீழிறங்கும் பலத்த வீச்சு. சில நிமிடங்களில் ஒரு வீதியின் கூரைத் தகடுகளைக் கழற்றி வீசும். அடுத்த வீதியில் உலர்த்திய துணி கொடியிலேயே இருக்கும். ஆண்டுதோறும் ஏழைகளின் கூரையைக் கொண்டுபோகும் இவை, பெரும் புயல்களுக்குச் சமமான கவனத்துடன் பதிவுசெய்யப்பட வேண்டியவை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன் பேரிழப்பு மலையக மண்சரிவுகளில் நேர்ந்தது.