கணக்குக்குள் இருக்கும் பெண்

ஆறு ஆண்கள் அல்லது எட்டுப் பெண்கள் ஒரு வேலையை 14 நாட்களில் முடிப்பார்கள் எனில், மூன்று ஆண்களும் பத்துப் பெண்களும் சேர்ந்து அதே வேலையை எத்தனை நாட்களில் முடிப்பார்கள்?

இந்த மாதிரிக் கணக்கைப் போடாமல் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் நம்மில் குறைவு. விடை எட்டு நாட்கள். ஆனால் விடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு படி உண்டு. எட்டுப் பெண்கள் ஆறு ஆண்களுக்குச் சமம். ஆகவே ஒரு பெண் முக்கால் ஆண். அந்த வரியை எழுதினால்தான் மதிப்பெண். ஆண் பிள்ளைகளும் எழுதினார்கள், பெண் பிள்ளைகளும் எழுதினோம்.

என்ன வேலை என்று கணக்கு சொல்வதே இல்லை. மூட்டை தூக்குவதா, நாற்று நடுவதா, களை பறிப்பதா? நடவு என்று வைத்துக்கொண்டால் தஞ்சாவூர் வயலில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். வேலையின் பெயரைச் சொல்லாமல் விடுவதால்தான் ‘பெண் என்றால் குறைவு’ என்பது ஓர் இயற்கை விதியைப் போல உள்ளே வந்து உட்கார முடிகிறது. சம வேலைக்குச் சம ஊதியம் தரவேண்டும் என்ற சட்டம் 1976இல் வந்தது. பெண்ணை முக்கால் ஆளாக எடுத்துக்கொள்ளும் கணக்கு அதற்குப் பிறகும் பயிற்சி நூல்களில் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஒரு கணக்குப் புத்தகம் வகுப்பறைக்கு வருமுன் பல கைகளைக் கடக்கிறது. எழுதுபவர், மேலாய்வு செய்பவர், பரிந்துரைக்கும் குழு, ஒப்புதல் தரும் அரசு, வாங்கும் பள்ளி. ஒவ்வொரு கையும் சில கேள்விகளைக் கேட்கிறது. பாடத்திட்டத்துக்குள் இருக்கிறதா? விடை சரியா? வயதுக்குப் பொருந்துமா? விலை கட்டுப்படியாகுமா? முக்கால் ஆள் கணக்கு இத்தனை கேள்விகளிலும் தேறிவிடும், ஏனென்றால் அதன் விடை சரி. கணக்குக்குள் இருக்கும் மனிதர் யார், அவர் என்ன செய்கிறார் என்ற கேள்வி மட்டும் நெடுங்காலம் யாரிடமிருந்தும் வரவில்லை. அது வராமல் இருந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. வந்தபோது என்ன நடந்தது என்பதும் அந்த வரலாற்றின் பகுதிதான்.

*

தமிழில் கணக்கு நூல் என்றதும் நம் நினைவுக்கு வருவது காரிநாயனாரின் கணக்கதிகாரம். நிலம், பொன், நெல், அளவை, கூலி, வட்டி என்று வாழ்க்கைக்கு வேண்டிய கணக்குகளைச் செய்யுளில் சொல்லும் நூல். யாப்பருங்கலக்காரிகை படித்தவர்களுக்குத் தெரிந்த ஓர் உத்தி இதிலும் உண்டு: மகடூஉ முன்னிலை. பூச்சூடிய கூந்தலை உடையவளே, நல்ல நகை அணிந்தவளே என்று ஒரு பெண்ணை விளித்துக் கணக்கைச் சொல்வது. வடமொழியில் இரண்டாம் பாஸ்கரர் 1150 வாக்கில் எழுதிய லீலாவதியிலும் இதே வழக்கம்தான். மான்விழியாளே என்று கூப்பிட்டுத்தான் பல கணக்குகள் தொடங்குகின்றன. லீலாவதி பாஸ்கரரின் மகள், அவள் திருமணம் தடைப்பட்ட துயரத்தை ஆற்றவே தந்தை நூல் எழுதினார் என்ற கதை, 1587இல் அக்பரின் அவைக்கவிஞர் ஃபைஸி செய்த பாரசீக மொழிபெயர்ப்பின் வழியாகப் பரவியது.

கணக்கின் எதிரே ஒரு பெண் உட்கார்ந்திருப்பதாகவே இந்த நூல்கள் பாவிக்கின்றன. உண்மையில் உட்கார்ந்திருந்தாளா?

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் மாவட்ட ஆட்சியர்களிடம் பள்ளிகளைப் பற்றிய விவரம் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட கணக்கின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். அவர்களில் ஆண்கள் 1,84,110. பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. அந்தச் சிறு எண்ணிக்கையிலும் மலபாரின் முஸ்லிம் சிறுமியர் மட்டும் ஆயிரத்துக்கு மேல். பிற இடங்களில் பெரும்பாலும் கோயிலையும் ஆடலையும் சார்ந்த குடும்பங்களின் பெண்கள்தான் எழுத்துக் கற்றார்கள் என்று மன்றோவே குறிக்கிறார். வீட்டிலேயே கற்றவர்கள் இந்த எண்ணிக்கைக்குள் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். ஆனாலும் திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைக் கையில் வைத்து முந்திரி, காணி, மா என்று கீழ்வாய் இலக்கம் ஒப்பித்த குரல்கள் ஏறக்குறைய முழுக்க ஆண் பிள்ளைகளுடையவை. பெண்ணை விளித்துச் சொன்ன கணக்கை ஆண்கள் ஆண்களுக்குக் கற்பித்தார்கள்.

அந்தக் கணக்கதிகாரத்தின் பல ஏடுகளை ஒப்பிட்டுத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1998இல் ஒரு தொகுப்பு நூலை வெளியிட்டது. அதன் பதிப்பாசிரியர் ஒரு பெண், சத்யபாமா காமேஸ்வரன். செய்யுள் தோறும் கூப்பிடப்பட்டவள் ஏட்டைக் கையில் எடுத்துப் பாடம் சரிபார்க்க இத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

*

திண்ணைப் பள்ளியில் பாடநூலைத் தேர்வு செய்வது என்ற பேச்சு இல்லை. ஆசிரியர் அறிந்ததே பாடம். அச்சு நூல்களும் அரசின் மானியமும் வந்த பிறகுதான் ‘இந்த நூலை வைக்கலாம், இதை வைக்கக் கூடாது’ என்று சொல்லும் குழுக்கள் வந்தன. தனியார் பதிப்பாளர்கள் நூலை அச்சிட்டுக் குழுவுக்கு அனுப்புவார்கள். குழு ஒப்புதல் தந்த பட்டியலிலிருந்து பள்ளிகள் தேர்ந்துகொள்ளும். சென்னைப் பாடநூல் குழுவாரால் அங்கீகரிக்கப்பட்டது என்ற வாசகத்தைப் பழைய நூல்களின் முகப்பில் இன்றும் பார்க்கலாம். பதிப்பாளருக்கு அந்த ஒரு வரிதான் வியாபாரம்.

1882இல் வில்லியம் ஹண்டர் தலைமையில் இந்தியக் கல்வி ஆணையம் அமைந்தது. உறுப்பினர்கள் எல்லோரும் ஆண்கள். அப்போது 24 வயதான பண்டித ரமாபாய் அதன் முன் சாட்சியம் அளித்தார். பெண் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும், பெண் பள்ளிகளைப் பார்வையிடப் பெண்களே ஆய்வாளர்களாக வேண்டும், பெண்கள் மருத்துவம் படிக்க வழி வேண்டும் என்றார். ஆணையம் பெண் கல்விக்கு மானியத்தைத் தாராளமாக்கச் சொன்னது. அது பெரிய உதவிதான். கூடவே இரண்டு பரிந்துரைகளையும் செய்தது. பெண்களுக்கான தொடக்கப் பள்ளிகளின் பாட அளவு ஆண் பிள்ளைகளுக்கானதைவிட எளிதாக இருக்கவேண்டும், அது இல்லற வாழ்க்கைக்கும் பெண்களுக்குத் திறந்திருக்கும் தொழில்களுக்கும் ஏற்ப அமையவேண்டும் என்பது ஒன்று. பெண் பள்ளிகளுக்கான பாடநூல்களை மிகுந்த கவனத்துடன் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது மற்றொன்று.

இரண்டையும் சேர்த்துப் படித்தால் அந்தக் ‘கவனம்’ எதைப் பற்றியது என்று புரியும். பெண் எவ்வளவு கற்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு. பெண்ணுக்குத் திறந்திருக்கும் தொழில்கள் எவை என்று பார்த்து அதற்கு ஏற்ப கணக்கைக் குறைத்தால், திறக்காத தொழில்கள் திறக்காமலேயே இருக்கும். பொறியாளராகப் பெண் இல்லை, ஆகவே பெண்ணுக்கு உயர்கணிதம் வேண்டாம். உயர்கணிதம் படிக்காததால் பெண் பொறியாளர் இல்லை. இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர இன்னும் எண்பது ஆண்டுகள் ஆயின.

விடுதலைக்குப் பிறகும் எண்ணம் உடனே மாறிவிடவில்லை. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்வி ஆணையம், பெண் பிள்ளைகளுக்கு மனையியல் படிக்கத் தனி வசதி வேண்டும் என்று 1953இல் சொன்னது. திருப்பம் அறுபதுகளில் வந்தது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் வெவ்வேறு பாடத்திட்டம் தேவையா என்பதை ஆராய ஹன்சா மேத்தா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தில் ‘எல்லா ஆண்களும்’ என்று பொருள்படக்கூடிய சொல்லை ‘எல்லா மனிதர்களும்’ என்று மாற்ற வைத்தவர் அவர். ஒரு சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று பார்க்கத் தெரிந்தவர். பால் வேறுபாட்டை வைத்துப் பாடங்களைப் பிரிக்கத் தேவையில்லை என்று அவருடைய குழு முடிவு சொன்னது. அதை 1966இல் கோத்தாரி ஆணையம் ஏற்றுக்கொண்டது. மனையியலைப் பெண்களுக்குக் கட்டாயமாக்கக் கூடாது, கணிதமும் அறிவியலும் படிக்கப் பெண்களைத் தனியாக ஊக்கப்படுத்த வேண்டும் என்றது. 1968இன் தேசியக் கல்விக் கொள்கை கணிதத்தையும் அறிவியலையும் பள்ளிக் கல்வியில் எல்லோருக்கும் பொதுவாக்கியது.

அம்மாவின் தலைமுறைக்கும் நம் தலைமுறைக்கும் நடுவே இந்த முடிவு இருக்கிறது. கணிதத்தைத் தாண்டாமல் பெண் பிள்ளை பத்தாம் வகுப்பைத் தாண்ட முடியாது என்ற நிலையை நாம் சுமையாக மட்டுமே நினைத்திருப்போம். அது பெண்கள் வாதாடிப் பெற்ற உரிமையும்கூட.

*

கதவு திறந்தது, புத்தகம் மாறவில்லை. எல்லோருக்கும் ஒரே கணிதம் என்றபோது பெண்களின் கைக்கு வந்தது ஆண் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட கணிதம்தான். முதல் போடுபவர் ராமன், வட்டிக்குக் கொடுப்பவர் கோபால், நிலத்துக்கு வேலி போடுபவர் ஒரு விவசாயி, ‘அவர்’ என்றால் ஆண். பெண் வந்தால் கடைக்குப் போய்க் காய்கறி வாங்குவாள், அல்லது பழத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கிடுவாள்.

பாடநூல்களில் உள்ள பால் பாகுபாட்டைப் பற்றி எழுபதுகளின் இறுதியில் ஆய்வுகள் வரத் தொடங்கியபோது முதலில் சிக்கியவை மொழிப் பாடநூல்கள். கதை இருக்கிறது, பாத்திரம் இருக்கிறது, எண்ணிப் பார்க்கலாம். கணக்குக்கு எந்தப் பாலும் இல்லை என்ற நம்பிக்கை கணிதத்தைக் காப்பாற்றியது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு, அதாவது என்.சி.இ.ஆர்.டி., 1984இல் சுர்ஜா குமாரி எழுதிய ஓர் ஆசிரியர் கையேட்டை வெளியிட்டது. கணிதம் கற்பிப்பதன் வழியாகப் பெண்ணின் நிலையை எப்படி உயர்த்தலாம் என்பதே அதன் பொருள். லாப நட்டம், விழுக்காடு, வரைபடம் எல்லாவற்றுக்கும் உள்ளே பெண்ணைக் கொண்டுவர முடியும் என்று ஓர் அரசு நிறுவனமே சொன்னது அப்போதுதான்.

2005இன் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கணிதம் கற்பித்தல் பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் இரா. ராமானுஜம். கணிதத்தை ஆண்களின் துறையாக நினைக்கும் போக்கைப் பாடநூல்களே வளர்க்கின்றன என்று அந்தக் குழுவின் அறிக்கை சுட்டியது. பெண் கணிதவியலாளர்களைப் பற்றிய குறிப்பு இல்லை; கணக்குகளில் பெண்களின் வாழ்க்கை இல்லை. அறிக்கை எடுத்துக்காட்டிய ஓர் ஆய்வு எளிமையானது, மறக்க முடியாதது. துணி வாங்கும் கணக்குகள் பல இருந்த பாடநூல்களில், பெண்கள் உடுத்தும் உடைக்கான துணி ஒரு கணக்கில்கூட வரவில்லை. நாட்டின் பாதிப் பேர் உடுத்துவது மீட்டர் கணக்குக்குள் வராமலே போயிற்று. அதைச் சரிபார்த்தவர்கள் யாருக்கும் அது தவறாகப் படவில்லை.

கேள்வி கேட்கப்பட்ட பிறகு வந்த நூல்கள் வேறு மாதிரி இருந்தன. தொடக்க வகுப்புப் பாடநூல் குழுவுக்கு அனிதா ராம்பால் தலைமை ஏற்றார். நான்காம் வகுப்பு நூலில் கிரண் என்ற பெண் பழைய பொருள் வாங்கி விற்கும் கடை நடத்துகிறாள். ஐந்தாம் வகுப்பு நூலின் முதல் பாடம் மீன்களைப் பற்றியது. அதில் மீனவப் பெண்கள் இருபது பேர் சேர்ந்து ஒரு வங்கி நடத்துகிறார்கள். ஆளுக்கு மாதம் 25 ரூபாய். மாதத்துக்கு எவ்வளவு சேரும், பத்து ஆண்டில் எவ்வளவு சேரும்? வலை வாங்கக் கடன், படகு வாங்கக் கடன், திருப்பிக் கட்டும் தவணை. பெருக்கலும் கழித்தலும் பழையவைதான். கடன் கொடுப்பதும் கடன் வாங்குவதும் கணக்கை எழுதி வைப்பதும் இப்போது பெண்கள். நம் ஊரில் மகளிர் குழுவின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது புதுக் கதையல்ல, தன் வீட்டுக் கணக்கு.

அந்த நூல் வரிசையும் இப்போது மாறிவிட்டது. புதிய கொள்கையின் கீழ் புதிய நூல்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒரு முறை கேட்ட கேள்வியின் பயன் ஒரு பதிப்பு வரைக்கும்தான். நூல் மாறும்போதெல்லாம் மறுபடி கேட்க வேண்டியிருக்கிறது.

*

தமிழ்நாட்டில் இதற்குத் தனி அவசரம் ஒன்று உண்டு. 1970இல் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வியின் பொதுப் பாடநூல் மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போனது. ஏழைப் பிள்ளைக்கும் வசதியான பிள்ளைக்கும் ஒரே புத்தகம் என்பது பெரிய வெற்றி. ஆனால் தேர்வு ஓர் இடத்தில், ஒரே முறை நடக்கிறது. அந்த அறையில் கேட்காமல் விட்ட கேள்வி மாநிலம் முழுதும் விடுபட்டுப் போகும். இன்னொரு பக்கம், பள்ளிகள் தாமாக வாங்கும் பயிற்சி நூல்கள், போட்டித் தேர்வுக் கையேடுகள், கைப்பேசிச் செயலிகள் எந்தக் குழுவின் முன்னாலும் வருவதில்லை. முக்கால் ஆள் கணக்கு இன்று அதிகம் உலவுவது அங்கேதான்.

ஆசிரியராகப் போகும் மாணவிகள் இந்த நூலை வாசிப்பீர்கள். நாளை ஏதோ ஒரு பாடநூல் குழுவில் உங்களில் ஒருத்தி உட்காரலாம். பள்ளி வாங்கும் பயிற்சி நூலுக்குக் கையெழுத்துப் போடலாம். அப்போது விடைகளைச் சரிபார்த்த பிறகு இன்னொரு முறை முதலிலிருந்து புரட்டுங்கள். பெயர்களை எண்ணுங்கள். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதோடு நிற்க வேண்டாம். பெண் சம்பாதிக்கிறாளா, செலவழிக்க மட்டும் வருகிறாளா என்று பாருங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறது? வங்கிக்குப் போவது யார்? கூலிக் கணக்கில் ஒரே வேலைக்கு இரண்டு கூலி இருக்கிறதா? வீட்டு வேலைக்கு மணிக்கணக்கு உண்டா? பெயர்கள் எந்தச் சாதியை, எந்த மதத்தை மட்டும் சுற்றி வருகின்றன?

கூலி வேறுபாட்டைக் கணக்கில் கொண்டுவரவே கூடாது என்றும் இல்லை. நாட்டில் அது இருக்கிறது. பிள்ளைகள் அதைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஓர் ஊரில் ஒரே வேலைக்கு ஆணுக்கு இவ்வளவு, பெண்ணுக்கு இவ்வளவு என்று கொடுத்து, ஓர் ஆண்டில் அந்தப் பெண் எவ்வளவு இழக்கிறாள் என்று கேட்டால் அதுவும் கழித்தல் கணக்குதான். பெண்ணை முக்கால் ஆளாக வைத்து விடை காணச் சொல்வதற்குப் பதிலாக, மீதிக் கால் பங்கு யாரிடம் போயிற்று என்று கேட்கும் கணக்கு அது. அப்படி ஒரு கணக்கை எழுதிக் குழுவின் முன் வையுங்கள். பாடத்திட்டத்துக்குள் இருக்கிறது, விடையும் சரியாக வருகிறது. தள்ளுவதென்றால் காரணத்தை அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டிவரும்.