கார்டன் ரீச்: ஓர் அரசரும் சணல் ஆலைத் தொழிலாளர்களும் கேட்ட நேரம்

பணிக்கும் வாழ்வுக்கும் இடையிலான சமநிலை குறித்த விவாதங்கள் பெரும்பாலும் மணிக்கணக்கிலேயே முடிந்துவிடுகின்றன. எது பணி, எது சோம்பல் என்று பெயரிடும் அதிகாரம் யாருக்கு உரியது என்ற கேள்வி அவற்றுக்கு முந்தையது. கல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆற்றங்கரையில் அமைந்த கார்டன் ரீச்சின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரலாறு இக்கேள்வியை இரு வேறு தரப்பினரின் வழியே எழுப்புகிறது.

முதலாமவர் வாஜித் அலி ஷா. 1847இல் அரியணையேறிய இந்த அவத் அரசரை, 1856இல் டல்ஹௌசி 'சீர்கெட்ட ஆட்சி' என்ற காரணம் காட்டி அகற்றினார். இசையிலும் நடனத்திலும் கவிதையிலும் மூழ்கி அரச கடமையைக் கைவிட்டார் என்பதே ரெசிடென்ட் ஸ்லீமன் முதலானோர் அவர்மீது சுமத்திய குற்றச்சாட்டின் சாரம். ஆயின் 1801ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அவத் தன் நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியைக் கம்பெனியிடம் இழந்திருந்தது. அதன் படை குறுக்கப்பட்டது. கம்பெனி அதிகாரிகளின் ஆலோசனைப்படியே ஆள வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்கப்பட்டது. அவத் நிர்வாகம் குறையற்றதாக இருந்தது என்று இதனால் ஆகிவிடாது. ஆனால், ஆளும் பணியின் பெரும்பகுதியை முன்பே தன்வயப்படுத்திக்கொண்ட கம்பெனிதான் அரசர் பணி செய்யவில்லை என்று தீர்ப்பெழுதியது.

ஆட்சியை ஒப்படைக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட மறுத்த அவர், முறையீட்டுக்காகக் கல்கத்தா வந்தார். 1857 கிளர்ச்சியின்போது வில்லியம் கோட்டையில் சிறைவைக்கப்பட்டு, 1859இல் விடுதலையானார். அதன்பின் ஆண்டுக்கு 12 லட்சம் ரூபாய் ஓய்வூதியத்தில், கார்டன் ரீச்சின் மட்டியாபுருஜில் மாளிகைகள், இமாம்பாரா, விலங்குக் காட்சிச்சாலை ஆகியவற்றை எழுப்பினார். தும்ரியும் கதக்கும் அங்கே ஆதரவு பெற்றன. அவரும் தொடர்ந்து நூல்கள் எழுதினார். சோம்பல் என்று இகழப்பட்டதையே அவர் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 1887இல் அவர் மறைந்ததும் அந்தச் சிறு லக்னௌ கலைக்கப்பட்டது.

இந்தச் சுதந்திரத்தின் விலையை மறக்கலாகாது. 12 லட்சம் ரூபாயும் வரி செலுத்திய மக்களின் உழைப்பிலிருந்தே வந்தது. அதே ஆற்றங்கரையில் சணல் ஆலைகளில் உழைத்தோருக்கு அத்தகைய ஓய்வூதியம் ஏதுமில்லை. 1890களின் நடுப்பகுதியில் ஆலைகளுக்கு மின்விளக்கு வந்ததும், பொழுது சாய்ந்தால் வேலை முடியும் என்ற பழைய எல்லை அழிந்தது. முறைவைத்து ஆட்களை மாற்றி, ஆலைகள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 மணி நேரம் ஓடின. 1891ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு 11 மணி, சிறுவருக்கு 7 மணி என்று வரம்பிட்டது. வயதுவந்த ஆண்களுக்கு 12 மணி நேர வரம்பு 1911ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான் வந்தது.

அந்த 1890களில் ஹூக்ளிக் கரை ஆலைத் தொழிலாளர்கள் பக்ரீத், முஹர்ரம், ரத யாத்திரை ஆகிய நாள்களுக்கு விடுப்புக் கோரினர். மறுக்கப்பட்ட இடங்களில் மோதல்களும் வெடித்தன. திபேஷ் சக்ரவர்த்தி இவற்றை ஆராய்ந்து, ஆலைத் தொழிலாளரின் உணர்வில் சமயமும் சமூகமும் பெற்றிருந்த வலுவைச் சுட்டினார். அவரது விளக்கம் விவாதத்துக்குரியதாகவே இருந்துவருகிறது. எனினும் ஒன்று தெளிவு: அவர்கள் கேட்டது வெறும் ஓய்வு மட்டுமன்று. எந்த நாள் ஆலைக்குரியது, எந்த நாள் தமக்கும் தம் உற்றாருக்கும் உரியது என்று தீர்மானிப்பதில் தமக்கும் பங்கு வேண்டும் என்றனர்.

அரசரின் வரையறையை ஓய்வூதியம் தாங்கிநின்றது. தொழிலாளர்களின் வரையறைக்கு அவர்கள் ஒன்றுகூடும் வலிமை மட்டுமே துணை. 1948ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு வகுத்தது. இன்று மட்டியாபுருஜ் ஆயத்த ஆடைத் தையலுக்குப் பெயர்பெற்ற ஊர். வீட்டையே பட்டறையாக்கி, உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பெறுவோரின் நாளை எந்த ஆலைச் சங்கும் தொடங்கிவைப்பதில்லை, முடித்துவைப்பதுமில்லை. நேரம் தம் கையில் இருப்பதுபோல் தோன்றும் இத்தகைய உழைப்பில், அதை வரையறுக்கும் உரிமை உண்மையில் யாரிடம் இருக்கிறது என்பதே தொழிலாளர் வரலாறு அடுத்துக் கேட்க வேண்டிய கேள்வி.