மலை இறக்கத்தில் பிறந்த பிரேக்

பட்டிப்பொலவுக்கு மேல் இலங்கையில் ரயில் ஏறாது. ஸ்டேஷனைத் தாண்டிச் சற்றுத் தள்ளி 6,226 அடி என்று உச்சிப் பலகை நிற்கிறது. அப்புறம் எந்தப் பக்கம் போனாலும் இறக்கம்தான்; இறக்கம் என்றால் பிரேக் வேண்டும். பழைய ரயில் பெட்டியின் அடியில் குனிந்து பார்த்தால், சக்கரம் தண்டவாளத்தில் உருளும் பரப்பிலேயே பிரேக் கட்டை அழுந்துவது தெரியும். சைக்கிளின் ஆதி பிரேக்கும் இதே இனம். முன்சக்கரம் ஆளுயரம் இருந்த காலத்தில், கரண்டி மாதிரி வளைந்த ஒரு தகடு டயரின் தலையில் போய் அழுந்தும். கெட்டி ரப்பர் அதைத் தாங்கிக்கொண்டது.

1888இல் டன்லப் பெல்ஃபாஸ்டில் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். காசு கொடுத்து வாங்கிய டயரைத் தேய்த்தா வண்டியை நிறுத்துவது? பிரேக் ரிம்முக்கு இறங்கியது. 1896இல் எர்னஸ்ட் போவ்டன் உறைக்குள் ஓடும் கம்பிக்குக் காப்புரிமை வாங்கினார்; இன்றைக்கும் பிரேக் கேபிள் அதுதான். நம் தாத்தாமார் ஓட்டிய ராலி வண்டிகளிலோ கேபிள் கிடையாது. இரும்புக் கம்பிகள் கட்டையைத் தூக்கி, ரிம்மின் உள்பக்கம் அழுத்தும். சமதரையில் அதற்கு ஈடில்லை. மழையில் நனைந்த குரோம் ரிம்மோடு மலையில் இறங்கினால், பிடித்த பிரேக் பிடிப்பதற்குள் வளைவு வந்துவிடும்.

ஹோட்டன் சமவெளியிலிருந்து பட்டிப்பொலவுக்கு இறக்கம் சுமார் 200 மீட்டர். ஆளும் வண்டியும் 80 கிலோ என்றால், அந்த இறக்கத்தில் வெளிப்படும் சக்தி இரண்டு கோப்பை பிளேன்டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கப் போதும். ஒரு பங்கு காற்றோடு போகும். மெதுவாகப் பிடித்துப் பிடித்து இறங்கினால் பெரும்பங்கு பிரேக்கில்தான் சூடாக இறங்கும். ரிம்மில் சூடேறினால், ஒட்டினாற்போல் உள்ளே இருக்கும் டியூபுக்கு ஆபத்து. நீண்ட இறக்கங்களில் டியூப் வெடித்ததுண்டு.

சூட்டை டயருக்குப் பக்கத்தில் வைக்காமல் சக்கரத்தின் நடுவில் ஒரு தட்டுக்குக் கொண்டுபோகும் யோசனை பழசு. 1902இலேயே பர்மிங்காமில் பிரெடரிக் லான்செஸ்டர் காருக்கான டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை எடுத்தார். செம்புக் கட்டை தட்டில் உரசிப் போட்ட கிறீச்சொலியை யார் சகிப்பது? அரை நூற்றாண்டு கழித்து, 1953இல் லெ மான் கார்ப் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க்கோடு ஜெயித்த பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

சைக்கிளில் அதற்குத் தேவையை உண்டாக்கியவர்கள் கலிபோர்னியாவின் மலைக் கிறுக்கர்கள். 1976இல் மரின் கவுண்டியில் பழைய வண்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு செங்குத்தான மண்பாதையில் இறங்கினார்கள். பின்சக்கர ஹப்புக்குள் இருந்த பிரேக் காய்ந்து கிரீஸ் புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். பந்தயத்துக்கு ரீபேக் என்ற பேரே அதனால் வந்தது. அந்த வழியில் வந்த மலைச் சைக்கிள்களுக்கு 1996இல் ஷிமானோவின் வி-பிரேக் நல்ல பிடி கொடுத்தது. ஆனாலும் அதுவும் ரிம் பிரேக்தானே. சேறு அப்பினாலும் ரிம் கோணினாலும் தடுமாறும். 1990களின் கடைசியில் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் டிஸ்க் பரவத் தொடங்கியது. தட்டு சின்னது, ரிம்மைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு விசை வேண்டும். அதை எண்ணெய் கொடுத்தது.

ரோட்டுப் பந்தயக்காரர்கள் லேசில் மசியவில்லை. 2016இல் பாரி–ரூபே பந்தயத்தில் தட்டு தன் காலைக் கிழித்ததாக ஒரு வீரர் சொல்ல, டிஸ்க்கை அனுமதித்துப் பார்த்த சோதனை முயற்சியே நின்றது. முழு அனுமதி 2018இல்தான். 2020இல்கூடப் பொகாச்சர் என்ற வீரர் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை ரிம் பிரேக்கில்தான் ஜெயித்தார்.

பட்டிப்பொலவின் மூடுபனிக்கும் ஈர ரோட்டுக்கும் என் ஓட்டு டிஸ்க்குக்கே, அதுவும் கேபிள் இழுக்கும் டிஸ்க்குக்கு. கம்பி அறுந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிவிடலாம். எண்ணெய்க் குழாயில் காற்றுப் புகுந்தால் அதை எடுக்கத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும். செயினுக்கு எண்ணெய் விடும்போது மட்டும் ஒரு துளியும் தட்டில் படக் கூடாது.