வவுனியாவில் காந்தியம்

யாழ்ப்பாணத்திற்குப் புகையிரதத்திலும் பஸ்ஸிலும் பயணஞ் செய்வோருக்கு வவுனியா நெடுங்காலமாக இறங்காமற் கடந்துசெல்லும் ஊராகவே இருந்துவந்தது. இருபுறமும் காடு, காட்டிடையே குளங்கள், குளத்தின் கீழே சிறு வயல்வெளி. வேலை மாற்றம் பெற்று இங்கு வரும் உத்தியோகத்தர் பலர் எப்பொழுது திரும்பலாம் என்று நாட் பார்த்திருந்ததும் உண்டு. அவ்வூரிலே 1970 ஆம் ஆண்டுகளில் இருவர் தாமாகவே விரும்பி வந்து தங்கினர்.

ஒருவர் டாக்டர் எஸ். இராசசுந்தரம். இங்கிலாந்திற் பணியாற்றிவிட்டு, மருத்துவரான தம் மனைவியோடு தாயகம் மீண்டு, வவுனியாவில் வைத்தியம் செய்ய முற்பட்டவர். மற்றவர் எஸ். ஏ. டேவிட். 1924 இல் தீவகத்துக் கரம்பனிற் பிறந்து, அவுஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரிற் கட்டடக்கலை பயின்று, கிழக்காபிரிக்காவின் மொம்பாசா நகரிலே தம் தொழிலை நடத்தியவர். இல்லறத்தை நாடாதவர். இவ்விருவரும் 1976 ஆம் ஆண்டளவில் தொடங்கிய தொண்டு நிறுவனமே 'காந்தியம்'.

பெயர் வெறும் மரியாதைக்காக இடப்பட்டதன்று. தென்னாபிரிக்காவிலே 1910 ஆம் ஆண்டில் ஜோகன்னஸ்பேர்க் நகருக்கு அப்பால் 1,100 ஏக்கர் நிலத்தில் அமைந்த டால்ஸ்டாய் பண்ணையை நினைவுகூர்வோருக்கு ஒரு வியப்பான ஒற்றுமை தென்படும். அந்நிலத்தை வழங்கிக் காந்தியடிகளுடன் அங்கேயே குடியிருந்த ஹெர்மன் காலன்பாக்கும் ஒரு கட்டடக் கலைஞரே. சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே தங்கின. அவற்றுட் தமிழ்க் குடும்பங்கள் பல. கப்பலிலும் சிறையிலும் தாம் கற்ற சொற்பத் தமிழைக் கொண்டே காந்தியடிகள் அப்பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடம் சொல்லிக்கொடுத்தார். கூடவே குடியிருந்து செய்யும் இத்தகைய தொண்டே வவுனியாவிலும் முயலப்பட்டது.

வவுனியாவுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களோ மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளருடையவை. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் அம்மக்களுட் பெரும்பாலார் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான ஸ்ரீமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்ப்போம் என்று அவர்களைக் கணக்கிற் பங்கிட்டது. பங்கிடப்பட்டோரை எவரும் கேட்டதில்லை. 1973, 1974 ஆம் ஆண்டுகளிலே தோட்டங்களிற் பசி தலைவிரித்தாடியபோது சில குடும்பங்கள் வடக்கே வன்னியை நோக்கி வந்தன. 1977 ஓகஸ்ட் மாதக் கலவரம் மூண்டபின் அவ்வாறு வந்தோர் தொகை பெருகிற்று.

ஓகஸ்ட் மாதம் என்பதைச் சற்றே கவனித்தல் வேண்டும். அம்மாதத்தில் மலைநாட்டின் மேற்சரிவுகளில் தென்மேற் பருவமழையும் மூடுபனியும் இருக்கும். வவுனியாவிலோ அது கோடையின் உச்சம். குளங்கள் வற்றி நடுவிலே சேறு மாத்திரம் எஞ்சியிருக்கும். இங்கு பெருமழை ஐப்பசியிலேதான் வரும். குளிருக்குக் கம்பளி போர்த்திப் பழகிய மக்கள் நிழலற்ற கட்டாந்தரையிலே முதல் நாளைக் கழித்தனர். முதற்கேள்வி தண்ணீரே. யாழ்ப்பாணத்திலே சுண்ணாம்புக் கல்லை அகழ்ந்தாற் கிணறு ஊறும். வவுனியாவிலே பல இடங்களிற் சில முழம் தோண்டியதும் கருங்கல் தட்டுப்படும். வெடிவைத்துத்தான் கீழே போகவேண்டும்.

அடுத்தது காய்ச்சல். டி.டி.டி. மருந்து தெளித்ததன் பயனாக 1963 ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 17 மலேரியா நோயாளரே காணப்பட்டனர். ஆயினும் 1968 ஆம் ஆண்டளவில் அந்நோய் பேரளவில் மீண்டும் தலையெடுத்தது. உயர்ந்த தோட்டங்களில் வாழ்ந்தோர் அந்நோயை அறியார். அதைத் தாங்கிப் பழகிய உடலும் அவர்க்கில்லை. மருத்துவர் ஒருவர் அருகில் இருந்தமை எத்துணை பெரிய துணை என்பதைக் கூறவேண்டியதில்லை.

இவற்றினும் கடினமானது வேறொன்று. தோட்டத்திலே விடிகாலையிற் பிரட்டுக்களத்தில் நின்றால் அன்றைய வேலை இன்னதென்று கங்காணி சொல்வார். பேர் விழுந்தாற் கூலி உண்டு. லயத்துக் காம்பிரா தோட்டத்துக்குச் சொந்தம். அதன் சுவரில் ஓர் ஆணி அடிக்கவும் உரிமை ஐயத்துக்கிடமானது. அப்படி நான்கு தலைமுறை வாழ்ந்தவர்களிடம், "இந்தக் காட்டை வெட்டுங்கள், எரியுங்கள், மழைக்கு முன் விதையுங்கள், விளைவது உங்களுக்கே" என்றால் உழைப்புக்கு அவர்கள் அஞ்சார். ஆனால் எந்நாள் எதைச் செய்வதென்று தாமே தீர்மானிக்கும் பழக்கம் ஒரு பருவத்திலே வந்துவிடாது. கூலியும் இல்லை, அறுவடையும் இல்லை என்ற அந்த இடைமாதங்களைக் கடத்துவதற்கே நிறுவனத்தின் உதவி மிகுதியும் வேண்டியதாயிற்று. வெளிநாட்டு உதவி நிறுவனங்கள் சில அதற்குப் பொருள் வழங்கின.

பிள்ளைகள் விடயத்திற் காந்தியம் செய்தது தனிச் சிறப்புடையது. தோட்டங்களிலே தாய்மார் கொழுந்தெடுக்கப் போகையிற் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பிராவில் விட்டுச் செல்வர். அது பார்த்துக்கொள்ளும் இடமே தவிர, படிக்கும் இடமன்று. காந்தியத்தார் கிராமத்து இளம் பெண்களைத் தெரிந்து பயிற்சி அளித்து, அவரவர் ஊரிலேயே பாலர் பள்ளிகளை நடத்தச் செய்தனர். கற்பிக்க வந்தவள் ஊராருக்கு அன்னியள் அல்லள். அடுத்த வீட்டு அக்காவே. இத்தகைய பள்ளிகள் வன்னியிற் தொடங்கித் திருகோணமலை, மட்டக்களப்புப் பக்கங்களுக்கும் பரவின.

இம்முயற்சி ஏழாண்டு நிலைத்தது. தீவிரவாத இயக்கத்தினருக்குத் துணைநின்றனர் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1983 ஏப்ரலில் இராசசுந்தரமும் டேவிட்டும் கைதாயினர். அவ்வாண்டு யூலை 25 ஆம் திகதியும் 27 ஆம் திகதியும் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். இரண்டாம் நாளில் மாண்டவருள் இராசசுந்தரமும் ஒருவர். மறு ஆண்டு, முல்லைத்தீவு எல்லையிலிருந்த கென்ற் பண்ணை, டொலர் பண்ணை ஆகியவற்றிற் குடியமர்ந்திருந்த மலைநாட்டுக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. காடு வெட்டிய கைகள் மீண்டும் மூட்டை கட்டின.

ஆயினும் மலைநாட்டிலிருந்து வந்தோர் அனைவரும் திரும்பிவிடவில்லை. அவர்தம் வழித்தோன்றல்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களிலே இன்றும் வாழ்கின்றனர். நாடற்றவராய் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 ஆம் ஆண்டிலே நிறைவேறிற்று. வவுனியாக் காட்டிற் குடியேறிய பலர் தம் முதற் கிணற்றைத் தோண்டிக் கால் நூற்றாண்டு கழிந்திருந்தது.

டேவிட் உயிர்தப்பி, மட்டக்களப்புச் சிறைக்கு மாற்றப்பட்டு, 1983 செப்டெம்பர் 23 ஆம் திகதி நிகழ்ந்த சிறையுடைப்பில் வெளியேறித் தமிழ்நாடு சேர்ந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் அகதியாக வாழ்ந்தார். 2015 ஆம் ஆண்டிலே, தொண்ணூற்றொரு வயதில், வன்னிக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஒக்டோபர் மாதம் கிளிநொச்சியிற் காலமானார்.