கோபல்ல கிராமத்துக்கு மஹால் கிடையாது: கி.ரா.வும் தெற்கத்திக் கதைகளும்

(ஒலிபரப்பான அத்தியாயத்தின் திருத்திய எழுத்து வடிவம்)

பரவையிலிருந்து பேசுகிறேன். இன்றைக்கு நாம பேசப்போவது கி. ராஜநாராயணனைப் பற்றி. வாசகர்களுக்கு கி.ரா. 2021 மே 17-ஆம் தேதி புதுச்சேரியில் காலமானார். உடலைச் சொந்த ஊரான இடைசெவலுக்குக் கொண்டுவந்து, அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடந்தது. எழுத்தாளருக்கு அரசு மரியாதையா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டவங்க நிறைய. எனக்கு அதைவிடப் பெரிய ஆச்சரியம், அந்த மனுசன் எதை எழுதி அந்த இடத்துக்கு வந்தார் என்பதுதான்.

நம்ம ஊர் வைகைக்குப் பக்கத்து ஊர். நெல்லு, வாழை, காய்கறி. ஆனா மதுரையைத் தாண்டித் தெற்கே போங்க. திருமங்கலம் தாண்டினதும் மண் கருக்க ஆரம்பிக்கும். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று போகப்போக பருத்தி, கம்பு, உளுந்து. அதுதான் கரிசல். கோவில்பட்டி கடந்து கயத்தாறு போகிற அதே திருநெல்வேலி ரோட்டில்தான் இடைசெவல் இருக்கு. அந்தச் சின்ன ஊரில் இருந்து ரெண்டு பேர் சாகித்ய அகாதமி விருது வாங்கியிருக்காங்க. ஒருத்தர் கு. அழகிரிசாமி, 1970-இல், இறந்த பிறகு. இன்னொருத்தர் அவருடைய சிநேகிதர் கி.ரா., 1991-இல், 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்காக.

இப்ப வரலாற்றுக்கு வருவோம். மதுரைக்காரங்க கிட்ட நாயக்கர் காலம் என்றால் என்ன சொல்லுவோம்? திருமலை நாயக்கர் மஹால், தெப்பக்குளம், புதுமண்டபம். இன்னும் தெற்கே போனா கயத்தாறு. 1799-இல் கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம். அங்கே நினைவுச் சின்னம் இருக்கு. ராஜாவுக்கு மஹால் இருக்கு, பாளையக்காரருக்குச் சிலை இருக்கு. ஆனா அந்த நூற்றாண்டுகளில் தெலுங்கு பேசிக்கிட்டு வடக்கேயிருந்து நடந்து வந்து, காட்டை அழிச்சு, விதைச்சு, இந்த மண்ணிலேயே மடிஞ்ச சம்சாரிக்கு என்ன இருக்கு?

அவங்களுக்குக் 'கோபல்ல கிராமம்' இருக்கு. 1976-இல் வந்த நாவல். நாயக்கர் அரசியலைப் பற்றி அதில் பெரிசா ஒண்ணும் கிடையாது. நூறு வயசு கடந்த ஒரு பாட்டி, மங்கத்தாயார் அம்மாள், கதை சொல்றாங்க. எதுக்காக ஊரை விட்டுக் கிளம்பினோம், வழியில் யாரை இழந்தோம், இங்கே வந்து எப்படிக் காடு திருத்தினோம் என்று. நாவல் முடியும்போது வெள்ளைக்காரன் ஆட்சி ஊருக்குள்ளே வந்து சேருது.

அந்தப் பாட்டி சொல்றது எல்லாம் நடந்ததா என்று கேட்டால், அது தப்பான கேள்வி என்பேன். அது ஆவணம் இல்லை. ஒரு சனம் தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கிட்ட கதை. ராஜாக்கள் தங்கள் நினைவைக் கல்லில் வெட்டி வச்சாங்க. சம்சாரி வீட்டில் அதைப் பாட்டி வாயில்தான் வச்சிருந்தாங்க. கி.ரா. செஞ்சது, பாட்டியோடு போயிருக்க வேண்டியதைப் புத்தகத்தில் ஏத்தினதுதான்.

ஆவணத்தில் இருக்கிற விசயத்தையும் அவர் வேறு பக்கத்திலிருந்து காட்டுவார். 'கதவு' என்று ஒரு சின்னக் கதை. தீர்வை பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழட்டிக்கிட்டுப் போயிடறாங்க. பிள்ளைகள் ஏறி பஸ் விளையாடின கதவு அது. கதவில்லாத வீட்டுக்குள்ளே குளிர்காத்து வருது. கைக்குழந்தை செத்துப்போகுது. வருவாய்த் துறைக் கணக்கில் அது ஒரு ஜப்தி, ஒரே வரி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் என்ன இருந்தது என்பதை அறிய நமக்குக் கதைதான் வேணும்.

இதெல்லாம் எந்தத் தமிழில் எழுதினார்? பேசுகிற தமிழில். நம்ம வீட்டில் 'வெஞ்சனம் என்ன?' என்று கேட்போம். கண்மாயைக் 'கம்மா' என்போம். பள்ளிக்கூடக் கட்டுரையில் அதை எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். அப்படிச் சுழிக்கப்பட்ட சொற்களை கி.ரா. ஒண்ணொண்ணாப் பொறுக்கி, 1982-இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு அகராதியே கொண்டுவந்தார். பள்ளிப் படிப்பைப் பெரிசாத் தாண்டாதவர். மழைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினதாக அவரே கேலியாச் சொல்லுவார். பின்னால் அவரையே புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் ஆக்கியது. அவர் அகராதிக்குப் பிறகு பெருமாள்முருகன் கொங்கு நாட்டுக்கு ஒண்ணு செய்தார், கண்மணி குணசேகரன் நடுநாட்டுக்கு ஒண்ணு செய்தார்.

ஆனாலும் 'வட்டார எழுத்தாளர்' என்ற பட்டம் எனக்கு உறுத்தும். காவிரிக் கரை அக்கிரகாரத்தை எழுதினால் இலக்கியம், கரிசல் காட்டை எழுதினால் வட்டார இலக்கியம். இது என்ன கணக்கு? நம்ம பரவை முனியம்மா குரலைச் சினிமாவில் கேட்டு ஊரே கைதட்டுச்சு. அதே பேச்சு நாவலா வந்தா மட்டும் அதுக்கு ஒரு அடைமொழி. அமெரிக்காவிலும் வில்லியம் ஃபாக்னர் தன் தெற்கத்தி ஊர்ப்பக்கத்தை, கற்பனையா ஒரு மாவட்டமே படைச்சு, திரும்பத் திரும்ப எழுதினார். 1949-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குத்தான். ஒரு வட்டாரத்தைச் சரியா எழுதினால் அது ஊர் எல்லையோடு நிற்காது.

இன்னொரு விசயத்தையும் சொல்லணும். கோபல்ல கிராமம் நிலம் வச்சிருந்தவங்க சொன்ன கதை. அந்த நிலத்தில் கூலிக்கு உழைச்சவங்க, செருப்புத் தைச்சவங்க கதையை அந்தப் பாட்டியால் சொல்ல முடியாது. அதைப் பூமணி சொன்னார். 1979-இல் வந்த 'பிறகு' நாவலில் அதே கரிசல் மண், ஆனா பார்வை சக்கிலியர் குடியிலிருந்து. 1992-இல் பாமாவின் 'கருக்கு' வந்தது. பேச்சுத் தமிழை அவர் தன் சேரியின் குரலாகவே ஆக்கினார். இவங்க கி.ரா.வின் வாரிசுகளா, அவருக்குப் பதில் சொன்னவங்களா என்றால், ரெண்டும்தான். ஊர்ப் பேச்சில் நாவல் எழுதலாம் என்று ஒருத்தர் காட்டிட்டால், எந்தத் தெருவின் பேச்சு என்ற கேள்வி தானா வரும். அதுதான் தெற்கத்திக் கதைகளின் பலம் என்று நான் நினைக்கிறேன். ஒரு ஊரை ஒரே ஆள் முழுசாச் சொல்லி முடிக்க முடியாது.

பிறகு வந்த விருதுப் பட்டியலைப் பாருங்க: மேலாண்மை பொன்னுச்சாமி 2007, சு. வெங்கடேசன் 2011, பூமணி 2014, எஸ். ராமகிருஷ்ணன் 2018, சோ. தர்மன் 2019. எல்லாரும் மதுரையும் அதுக்குத் தெற்கேயும்.

கி.ரா.வைப் புதுசா வாசிக்கிறவங்க 'கதவு' கதையில் ஆரம்பிங்க, பத்து நிமிசம் போதும். அப்புறம் 'கோபல்ல கிராமம்', அதோடு சேர்த்தே 'பிறகு'. முடிஞ்சா வீட்டில் வயசானவங்களுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. நடுவில் மறிச்சு, 'எங்க ஊர்ல இதுக்கு வேற பேரு'ன்னு சொல்லுவாங்க. அந்தப் பேரை எழுதி வச்சுக்குங்க.

அடுத்த அத்தியாயத்தில் கு. அழகிரிசாமியைப் பற்றிப் பேசலாம்.